யார் இந்த மரியா மாண்டிசோரி? வாடகைப் பணத்தில் பிறந்த பள்ளி... மகனைப் பிரிந்த தாய்... சென்னையில் முடிந்த காத்திருப்பு!

கோவை ஆர்.எஸ்.புரம், சாய்பாபா காலனி, பீளமேடு, அந்தப் பக்கம் திருப்பூர், ஈரோடு... எங்கே போனாலும் ஒரு போர்டு கண்ணில் படும். மாண்டிசோரி பள்ளி. ரெண்டரை வயசு குழந்தையை எங்கே சேர்க்கலாம் என்று தேடும் எல்லா அப்பா அம்மாவுக்கும் இந்தப் பெயர் தெரியும். ஆனால் அது ஒரு பெண்ணின் பெயர், அந்தப் பெண் நம்ம தமிழ்நாட்டில் வருஷக்கணக்கில் வாழ்ந்தவர், அவர் தொடங்கிய முதல் பள்ளியில் பெற்றோரிடம் ஒரு காசு கூட கட்டணம் வாங்கவில்லை என்பதெல்லாம் பலருக்குத் தெரியாது.

அந்த முதல் பள்ளி வசதியானவர்களுக்காகத் தொடங்கியது இல்லை. கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்காக, அவர்கள் குடியிருந்த கட்டடத்துக்குள்ளேயே, அவர்கள் கட்டிய வாடகையில் இருந்து நடந்த பள்ளி. அதைத் தொடங்கியவரோ, தன் சொந்த மகனைத் தன் மகன் என்று வெளியே சொல்ல முடியாமல் இருந்த ஒரு தாய். அவருடைய கதையை விரிவாகப் பார்க்கலாம்.

டாக்டருக்குப் படித்த பெண்

இத்தாலியின் அங்கோனா பகுதியில் உள்ள கியாராவல்லே என்ற சின்ன ஊரில், 1870 ஆகஸ்ட் 31-ல் பிறந்தார் மரியா. அப்பா அலெசாண்ட்ரோ அரசு அதிகாரி. அம்மா ரெனில்டே நிறைய படிக்கும் பழக்கம் உள்ளவர். ஒரே பிள்ளை. மரியாவுக்கு 5 வயது ஆனபோது குடும்பம் ரோமுக்குக் குடிபெயர்ந்தது.

அந்தக் காலத்தில் படித்த பெண்ணுக்கு இருந்த ஒரே வழி டீச்சர் வேலை. அப்பாவின் விருப்பமும் அதுதான். ஆனால் மரியா முதலில் இன்ஜினீயரிங் பக்கம் போக நினைத்து, பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு மனம் மாறி மருத்துவம் என்றார். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, அம்மா பக்கபலமாக நின்றார்.

ரோம் பல்கலைக்கழகத்தில் ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் படிக்க அவருக்கு அனுமதி இல்லை. எல்லோரும் போன பிறகு, தனியாக அந்த அறையில் இருந்து படித்தார். வாடை தாங்க முடியாமல் புகையிலையைப் பற்றவைத்துக்கொண்டு வேலை பார்த்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1896-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சரிபண்ணிடலாம். இத்தாலியின் முதல் பெண் டாக்டர் மாண்டிசோரிதான் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அவருக்கு முன்பே சில பெண்கள் அங்கே மருத்துவம் முடித்திருந்தார்கள். முதல் சிலரில் ஒருவர் என்பதே சரி.

டாக்டர் எப்படி டீச்சர் ஆனார்?

படிப்பு முடிந்து மனநல மருத்துவப் பிரிவில் வேலை. அதற்காக ரோமில் இருந்த மனநலக் காப்பகங்களுக்குப் போனபோதுதான், வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளைப் பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருப்பதைப் பார்த்தார். தொட்டுப் பார்க்க, உருட்டிப் பார்க்க, விளையாட ஒரு பொருள் கூட இல்லாத வெறும் அறைகள். இந்தக் குழந்தைகளுக்குத் தேவை மருந்து மட்டும் இல்லை, கைக்கு வேலை என்று அவருக்குப் பட்டது.

ழான் இட்டார், எதுவார் சேகாங் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களின் புத்தகங்களைத் தேடிப் படித்தார். கை, கண், காது வழியாகக் கற்றுக்கொடுக்கும் பொருட்களைச் செய்து பார்த்தார். 1900-ல் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கான ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ரோமில் தொடங்கியபோது, அதன் இணை இயக்குநர் ஆனார். இன்னொரு இயக்குநர் ஜூசெப்பே மோன்டெசானோ என்ற டாக்டர். அங்கே படித்த குழந்தைகளில் சிலர், சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தேர்வையே எழுதித் தேறினார்கள். ஊரே பாராட்டியது. மரியா வேறு மாதிரி யோசித்தார். குறைபாடு உள்ள பிள்ளைகளே இவ்வளவு செய்யும்போது, நல்லா இருக்குற பிள்ளைகள் ஏன் இதே மதிப்பெண்ணோடு நின்றுபோகிறார்கள்? தப்பு பிள்ளைகளிடமா, பள்ளியிடமா?

மறைக்கப்பட்ட மகன்

மோன்டெசானோவுக்கும் மரியாவுக்கும் காதல். 1898 மார்ச் 31-ல் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் மரியோ. கல்யாணம் நடக்கவில்லை.

அந்தக் காலத்து ரோமில், கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்ற பெண் டாக்டராகவோ பேராசிரியராகவோ தொடர முடியாது. விஷயம் வெளியே தெரிந்தால் எல்லாம் போச்சு. கல்யாணம் பண்ணிக்கொண்டாலும் வேலையை விட வேண்டியிருக்கும். குழந்தையை ரோமுக்கு வெளியே ஒரு கிராமத்துக் குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள். 1901-ல் மோன்டெசானோ வேறு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். மரியா அந்த நிறுவனத்தை விட்டே வெளியேறினார்.

அவ்வப்போது போய் மகனைப் பார்ப்பார். ஆனால் யார் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். உலகத்துக்கே குழந்தை வளர்ப்பு சொல்லிக்கொடுக்கப் போகிற ஒருவருக்கு, சொந்தக் குழந்தையின் முதல் நடையோ முதல் சொல்லோ பார்க்கக் கிடைக்கவில்லை. அதற்கு அவர் கொடுத்த விலை இது.

சான் லொரென்சோ: ரோமின் காம்பவுண்ட் வீடுகள்

இப்போது அந்த முதல் பள்ளிக்கு வருவோம். ரோமில் சான் லொரென்சோ என்று ஒரு பகுதி. 1880-களில் ரியல் எஸ்டேட் வேகத்தில் கட்ட ஆரம்பித்து, பணம் முடங்கியதும் பாதியில் விட்ட கட்டடங்கள் நிறைய. வேலை தேடி வந்த ஏழைக் குடும்பங்கள் அதில் நெருக்கியடித்துக் குடியேறின. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் தங்கும் காம்பவுண்ட் வீடுகள், கோவையில் பழைய மில்களை ஒட்டிய லைன் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதை விட மோசமான நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிறுவனம் அந்தக் கட்டடங்களை வாங்கிச் சீரமைத்து, குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. அதை நடத்தியவர் எடுவார்டோ தாலமோ. புதுசாக ஒரு தலைவலி வந்தது. அப்பா அம்மா ரெண்டு பேரும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடும். பள்ளி வயசு வராத குட்டிகள் மாடிப்படியில் ஓடி, சுவரில் கிறுக்கி, புதுசாகப் பூசியதை எல்லாம் பாழாக்கினார்கள். வருஷா வருஷம் ரிப்பேர் செலவு.

தாலமோ ஒரு கணக்குப் போட்டார். பிள்ளைகளை ஒரு அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டால் ரிப்பேர் செலவு மிச்சம். அந்த மிச்சத்திலேயே அந்த அறையை நடத்திவிடலாம். அதைப் பார்த்துக்கொள்ள மாண்டிசோரியைக் கேட்டார். 1907 ஜனவரி 6-ல் சுமார் 50 குழந்தைகளோடு 'குழந்தைகள் இல்லம்' திறந்தது.

ஓனர் யார்? பெற்றோர்தான்!

இந்த இல்லத்தைப் பற்றி 1909-ல் வந்த தன் முதல் பெரிய புத்தகத்தில் மாண்டிசோரி எழுதியிருக்கிறார். அதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறார். இது தர்ம காரியம் இல்லை. பெற்றோர் கட்டும் வாடகையின் ஒரு பகுதியில் நடக்கிறது, அதனால் இது அவர்கள் எல்லோருக்கும் சேர்ந்து சொந்தமான இடம். இன்றைய பாஷையில் சொன்னால், பெற்றோர் கூட்டாக வைத்திருக்கும் குழந்தைகள் மையம்.

அங்கே விதிகள் சுவரில் ஒட்டியிருந்தன. அதில் முக்கியமானவை:

- பள்ளி வயது வராத பிள்ளைகளுக்கு இடம் உண்டு. கட்டணம் கிடையாது.
- குழந்தையைக் குளிப்பாட்டி, சுத்தமான உடையில், சரியான நேரத்துக்கு அனுப்ப வேண்டும்.
- வாரத்துக்கு ஒரு முறையாவது அம்மா வந்து ஆசிரியரிடம் பேச வேண்டும். வீட்டில் குழந்தை எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும், இங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.
- குழந்தையை அழுக்காக அனுப்பினாலோ, பெற்றோர் மரியாதைக் குறைவாக நடந்தாலோ இடம் பறிபோகும்.

கடைசி விதி இன்று கொஞ்சம் கறாராகத் தெரியலாம். ஆனால் அதற்கு ஈடாக பெற்றோருக்குக் கிடைத்ததையும் பார்க்கணும். எந்த நேரத்திலும் அம்மாக்கள் உள்ளே வந்து பார்க்கலாம். ஆசிரியரும் அதே கட்டடத்தில்தான் குடியிருக்க வேண்டும். கேட்டுக்கு வெளியே நின்று குழந்தையை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் வழக்கமே அங்கே இல்லை.

அந்த அறையில் என்னதான் நடந்தது?

முதலில் பார்த்துக்கொண்டவர் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை. மாண்டிசோரி ஏற்கெனவே செய்து வைத்திருந்த மரப் பொருட்களைக் கொடுத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து கவனித்தார்.

ஒரு மூணு வயசுப் பெண் குழந்தை, மர உருளைகளை அதனதன் குழியில் பொருத்திக்கொண்டிருந்தது. முடித்ததும் கலைத்து, மறுபடி முதலில் இருந்து. மற்ற பிள்ளைகளைப் பாட்டுப் பாடச் சொன்னார், அது திரும்பவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசை மேல் வைத்தார், அப்போதும் நிறுத்தவில்லை. 40 தடவைக்கு மேல் செய்துவிட்டு, தூங்கி எழுந்த மாதிரி சிரித்துக்கொண்டு எழுந்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் கவனம் நிற்காது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

ஒரு நாள் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார்கள். பிள்ளைகளே திறந்து, ஆளுக்கு வேண்டியதை எடுத்து வேலையை ஆரம்பித்துவிட்டன. ஆசிரியருக்குக் கோபம். மாண்டிசோரிக்கோ, தனக்கு வேண்டியது எது என்று குழந்தைக்குத் தெரிகிறது என்று புரிந்தது. அதன் பிறகு குட்டிகளின் கைக்கு எட்டும் தாழ்வான அலமாரிகள் வந்தன. சின்ன மேசை, சின்ன நாற்காலி வந்தது. இன்று எல்லா ப்ரீ-கேஜி வகுப்பிலும் இருக்கும் அந்தக் குட்டி நாற்காலி பரவலாக இந்தப் பள்ளிகள்தான் பெரிய காரணம்.

இன்னொரு நாள், மூக்கை எப்படிச் சிந்துவது என்று பாடம் நடத்தினார். கைக்குட்டையை எப்படி மடிப்பது, சத்தம் வராமல் எப்படித் துடைப்பது என்று காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள்! மூக்கு ஒழுகுது என்று திட்டு வாங்கியே பழகிய குழந்தைகள், அதைத் துடைக்க யாராவது மரியாதையாகச் சொல்லித்தர மாட்டார்களா என்று ஏங்கியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

எழுத்து சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டவர்கள் அம்மாக்கள்தான். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பழகினார்கள். ஒரு நாள் மொட்டை மாடியில், புகைபோக்கி ஒன்றைச் சாக்பீஸால் வரைந்த 5 வயதுப் பையன், அதன் பெயரையும் தரையில் எழுதிவிட்டான். அடுத்தடுத்து மற்ற பிள்ளைகளும். செய்தி நாடு தாண்டிப் போனது.

புகழ், முசோலினி, வெளியேற்றம்

புத்தகம் பல மொழிகளில் வந்தது. 1913-ல் அமெரிக்கா போனபோது பெருங்கூட்டம். இதற்கிடையே 1912 டிசம்பரில் அம்மா ரெனில்டே இறந்தார். அதன் பிறகுதான், சுமார் 15 வயதில் மரியோ அவரிடம் வந்து சேர்ந்தார். அப்போதும் மகன் என்ற அறிமுகம் இல்லை. உறவுக்காரப் பையன், வளர்ப்பு மகன் என்றே வெளியில் சொன்னார்கள்.

1924-ல் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி, மாண்டிசோரி பள்ளிகளுக்கு அரசு ஆதரவு கொடுத்தார். மாண்டிசோரி அதை ஏற்றுக்கொண்டார். அவர் வாழ்க்கையில் இன்றைக்கும் கேள்வி கேட்கப்படும் இடம் இது. பள்ளிகள் பெருகின. ஆனால் தானாக யோசிக்கும் குழந்தையும், சொன்னதைச் செய்யும் சிப்பாயும் ஒரே வகுப்பில் எத்தனை நாள் உட்கார முடியும்? 1934-ல் உறவு முறிந்தது, இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் நாஜிக்களும் மூடினார்கள். அப்போது அவர் வாழ்ந்த ஸ்பெயினில் 1936-ல் உள்நாட்டுப் போர். அங்கிருந்து இங்கிலாந்து வழியாக நெதர்லாந்து போய்ச் சேர்ந்தார்.

சென்னைக்கு வந்த 69 வயது டீச்சர்

அடையாறு தியாசபிகல் சொசைட்டியின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும், கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலும் அழைத்ததன் பேரில், 1939 நவம்பரில் மரியோவோடு சென்னை வந்தார். வந்தது சில மாதப் பயிற்சி வகுப்புக்காக. அடையாறில் ஓலைக் கொட்டகைகள் போட்டு வகுப்பு நடந்தது. இந்தியா முழுவதிலும் இருந்து சுமார் 300 பேர் படித்தார்கள். மாண்டிசோரி இத்தாலிய மொழியில் பேசுவார், மரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவைக் கைது செய்து அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மாண்டிசோரி அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. மரியோவின் 4 பிள்ளைகளோ, ஜெர்மனி பிடித்துவைத்திருந்த நெதர்லாந்தில்.

ஆகஸ்ட் 31. அவருடைய 70-வது பிறந்தநாள். அன்று வைஸ்ராயிடம் இருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மகனைத் திருப்பி அனுப்புகிறோம் என்பதுதான் அதில் இருந்த சேதி. மற்ற இத்தாலியர்கள் முகாமில் இருக்க, மரியோ விடுதலை ஆனார். வளர்ப்பு மகன், உறவுக்காரர் என்றெல்லாம் இல்லாமல், மகன் என்றே அரசாங்கத் தந்தி சொன்னது. 42 வருஷம் மறைத்து வைத்திருந்த ஒரு உறவு, வெளிச்சத்துக்கு வந்த இடம் நம்ம அடையாறு.

கொடைக்கானல் நாட்கள்

1942 முதல் சுமார் 2 வருஷம் கொடைக்கானலில் இருந்தார்கள். பழநி வழியாகக் கோவைக்காரர்கள் வார லீவுக்கு ஏறிப்போகும் அதே மலைதான். அங்கே பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து ஒரு சின்னப் பள்ளி நடத்தினார். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன உதவியாக இருந்தார். செடி, பூச்சி, கல், நட்சத்திரம் என்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்துக் கற்கும் முறை இங்கேதான் வடிவம் பெற்றது. 6 முதல் 12 வயது வரைக்குமான மாண்டிசோரி கல்விக்கு அடிப்படை அதுவே.

1946-ல் ஐரோப்பா போய், 1947-ல் திரும்பவும் இந்தியா வந்தார். குழந்தையின் மனம் சுற்றுப்புறத்தை அப்படியே உறிஞ்சிக்கொள்வது பற்றிய அவருடைய புகழ்பெற்ற புத்தகம், இந்தியாவில் நடத்திய வகுப்புகளில் இருந்து உருவாகி, 1949-ல் சென்னையில் அச்சானது. இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்றவர்கள் 1,000-க்கும் மேல்.

அங்கன்வாடிக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

மாண்டிசோரி முறை மேல் பழைய விமர்சனம் ஒன்று உண்டு. பொருட்கள் விலை அதிகம், அதனால் பணக்காரப் பிள்ளைகளுக்குத்தான் எட்டும் என்பது. ஏழைகளின் கட்டடத்தில் பிறந்த முறைக்கு இப்படி ஒரு நிலை. குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்ற வக்கீல், தன் மகனின் படிப்புக்காக மாண்டிசோரி புத்தகத்தைப் படித்து, வக்கீல் தொழிலையே விட்டுவிட்டு 1920-ல் பாவ்நகரில் பாலர் பள்ளி தொடங்கினார். அவரோடு வேலை செய்த தாராபாய் மோடக், 1945-ல் மகாராஷ்டிராவின் போர்டி கிராமத்துக்குப் போனார். பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்றதும், பள்ளியை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே கொண்டுபோனார். விலை உயர்ந்த மரப் பொருட்களுக்குப் பதிலாக விதை, கூழாங்கல், இலை. முற்றத்தில் நடந்ததால் அதன் பெயர் அங்கன்வாடி.

1975-ல் மத்திய அரசு குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது அதே பெயர் நாடு முழுக்கப் போனது. தமிழ்நாட்டில் இன்று 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன.

பெற்றோரே நடத்தும் பள்ளிகள்

சான் லொரென்சோவில் பெற்றோருக்குச் சொந்தம் என்று சொன்னாலும், நடத்தியது நிறுவனம்தான். அதையும் தாண்டி பெற்றோரே எடுத்து நடத்திய இடங்கள் பின்னாளில் வந்தன. நியூசிலாந்தில் 1941-ல், கணவன் போருக்குப் போயிருக்க வீட்டில் தனியாக இருந்த அம்மாக்கள், முறை போட்டு ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொண்ட விளையாட்டு மையங்கள் தொடங்கின. இத்தாலியின் ரெஜியோ எமிலியா அருகே 1945-ல், ஜெர்மன் படை விட்டுப்போன டாங்கி, லாரி, குதிரைகளை விற்ற காசில் கிராமத்துப் பெற்றோரே கல் சுமந்து பள்ளி கட்டினார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, வாரம் ஒருவர் பார்த்துக்கொள்ளும் விளையாட்டுக் குழு தொடங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு இதெல்லாம் முன்மாதிரி.

கடைசி நாட்கள்

1949 முதல் 1951 வரை தொடர்ந்து 3 ஆண்டுகள் அமைதிக்கான நோபல் பரிசுக்கு மாண்டிசோரியின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. கிடைக்கவில்லை. 1952 மே 6-ல் நெதர்லாந்தின் நோர்ட்வைக் என்ற கடலோர ஊரில், 81 வயதில் இறந்தார். ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது பற்றி மரியோவிடம் பேசிக்கொண்டிருந்த நாள் அது. உயிலில் மரியோவைத் தன் மகன் என்றே எழுதி வைத்திருந்தார்.

பெற்றோர் கவனத்துக்கு...

மாண்டிசோரி என்ற பெயர் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் சொந்தமானது இல்லை. யார் வேண்டுமானாலும் போர்டு வைக்கலாம். அதனால் அட்மிஷனுக்கு முன்பு, முதல் குழந்தைகள் இல்லத்தில் இருந்ததை மனதில் வைத்து இவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

- வகுப்பு நடக்கும்போது பெற்றோர் உள்ளே வந்து பார்க்கலாமா?
- குழந்தையைப் பற்றி ஆசிரியரோடு அடிக்கடி பேச நேரம் ஒதுக்குகிறார்களா, இல்லை வருஷத்துக்கு ரெண்டு மீட்டிங் மட்டும்தானா?
- பொருட்கள் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றனவா, பூட்டிய ஷோகேஸில் இருக்கின்றனவா?
- 3 முதல் 6 வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருக்கிறார்களா?
- ஆசிரியர் மாண்டிசோரி பயிற்சி முடித்தவரா?

வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு இன்னொரு தகவல். 2017-ல் மகப்பேறு சலுகைச் சட்டத்தில் வந்த திருத்தத்தின்படி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 4 முறை அம்மா போய்க் குழந்தையைப் பார்க்கலாம். மில்லிலோ, கார்மென்ட்ஸிலோ, ஐ.டி. கம்பெனியிலோ வேலை செய்பவர்கள் உங்கள் ஹெச்.ஆரிடம் இதைக் கேட்கலாம். இது சலுகை இல்லை, சட்டம் கொடுத்த உரிமை.